'சமத்து' என்று விட்டுவிடாதீர்கள்: குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும் நாமும்

புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்பு மிஸ் போன வாரம் ஒரு பையனைக் காட்டி, "இவன் ஒரு தொல்லையும் கிடையாது மிஸ், ரொம்ப சமத்து" என்றார். எனக்குத் திக்கென்றது. 12 வருஷத்துக்கு முன்னால் அச்சு அசலாக இதையே நானும் சொல்லியிருக்கிறேன்.

குறைமாதப் பிள்ளையைக் கேலி செய்யக்கூடாது, அடிக்கக்கூடாது என்றெல்லாம் ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நல்ல மனசோடு நாம் செய்யும் தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன்.

பிறந்த கதையைக் கேட்காதது

சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகை வரைக்கும் கேட்கிறோம். எத்தனையாவது வாரத்தில் பிறந்த குழந்தை என்று கேட்பதில்லை. 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். "ஒரு மாசம் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க" என்ற பேச்சு நாம் கேட்டால்தான் வெளியே வரும். இவர்களில் நிறையப் பேர் எந்தச் சிக்கலும் இல்லாமல் படிக்கிறார்கள். ஆனால் சிக்கல் வரும்போது காரணம் புரிய இந்தத் தகவல் வேண்டும்.

சமத்து

என் வகுப்பில் அப்போது ஒரு பெண் குழந்தை, 29 வாரத்தில் பிறந்தவள். கை கட்டி உட்கார்ந்திருப்பாள். நூறு வரை தடங்கலில்லாமல் ஒப்பிப்பாள். அமைதிக்குப் பரிசாக அவள் கையில் நான் ஒட்டிய ஸ்டாருக்குக் கணக்கே இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் பக்கத்துப் பெண் லீவு. "கணக்கு நோட்டை எடு, புதுப் பக்கம் திருப்பு, தேதி எழுது" என்றேன். எல்லோரும் எழுதினார்கள். இவள் முன்னால் நோட்டு மூடியபடி கிடந்தது. காலியாக இருந்த பக்கத்து இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமும் அவள் கேட்டது என் பேச்சை அல்ல, பார்த்தது பக்கத்துப் பெண்ணின் கையை!

அப்புறம்தான் புளியங்கொட்டையை எடுத்தேன். ஏழு கொட்டையைப் பரப்பி வைத்தேன், ஒன்பதை நெருக்கி வைத்தேன். எது அதிகம் என்றால் பரப்பி வைத்ததைக் காட்டினாள். நூறு வரை ஒப்பித்தது வெறும் பாட்டு.

மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளிடம் கவனச் சிதறல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஓட்டம் இல்லை, சண்டை இல்லை, புகாரும் இல்லை. ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் முதலாவதோடு நின்றுவிடும். எழுத்தைவிடக் கணக்கில்தான் அடி அதிகம். துறுதுறுவென்று ஓடுகிறவனை எல்லோரும் கவனிக்கிறோம், இவளைக் கோட்டை விடுகிறோம். அடுத்த வருஷம் "இவளுக்குக் கணக்கு வராது" என்று முத்திரை விழுந்தது. அதற்கு அடுத்த வருஷம் கணக்குப் பரீட்சை அன்று தவறாமல் வயிற்றுவலி. இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

இப்போது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறேன். பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாமல், மேஜையிலேயே சீட்டு வைக்கிறேன். எண்களைக் கையில் எடுத்து எண்ணவைத்த பிறகே நோட்டு.

சான்றிதழ் வயது

இங்கே சேர்க்கைக்கு ஜூலை 31 அன்று உள்ள வயதுதான் கணக்கு. அக்டோபரில் பிறக்கவேண்டியவன் ஜூலையிலேயே பிறந்தால், அந்த இரண்டு மூன்று மாதத்தால் ஒரு வகுப்பே முன்னால் போய்விடுகிறான். ஒரு வருஷம் நிறுத்திவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். அவன் வகுப்பிலேயே இளையவன் என்பதையாவது மறக்காதீர்கள்.

"எட்டு மாசம்தானே"

எட்டு மாசத்தில், அதாவது 34 வாரத்தில், மூளையின் எடை, நிறைமாதக் குழந்தையுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இவர்களையும் ஒரு கண் பாருங்கள்.

நாலு பக்கம் கூடுதல் வீட்டுப்பாடம்

வேண்டாம்.

கண்ணாடி

கண்ணாடி போடவேண்டிய பிள்ளையென்றால், அது பையில் இருக்கிறதா, மூக்கில் இருக்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள்.

நாமே பெயர் வைப்பது

இது இன்ன குறைபாடு என்று நாம் சொல்லக்கூடாது. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு) மையத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே அனுப்புங்கள்.

புது மிஸ்ஸிடம், "ஒரு பீரியடு அவன் பக்கத்துப் பையனை வேறு இடத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்" என்றேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். "அவங்க அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கட்டுமா மிஸ்?"

கேளுங்கள். எத்தனை வாரம், கண், காது பார்த்தாச்சா என்று கேளுங்கள். "ஏன் சீக்கிரம் பிறந்தான்" என்று மட்டும் கேட்காதீர்கள். அதை அந்த அம்மாவிடம் ஊரே கேட்டிருக்கும்.