பினாங்கு ஜார்ஜ் டவுன்: வழிகாட்டியோடு முதல் முறை நடக்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிற நிறையப் பேர் ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்து, ஒரு செண்டோல் (தேங்காய்ப்பால் சேர்த்த குளிர்ச்சியான இனிப்பு) குடித்து, தீவின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனைப் பார்த்தாச்சு என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஓவியம் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012-ல் வரைந்தது. நல்ல ஓவியம்தான், படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2008-ல் யுனெஸ்கோ இந்த ஊரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டதற்கும் அந்த ஓவியத்துக்கும் சம்பந்தமே இல்லை. எந்த ஊர்க்காரர்கள் எந்தத் தெருவில் வந்து இறங்கினார்கள், யாருக்கு எந்த இடம் கிடைத்தது, இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். அது கண்ணுக்குத் தெரியாது, சொல்ல ஆள் வேண்டும். அதனால்தான் வழிகாட்டியோடு போகச் சொல்கிறேன்.

முதல் படி: நாலு தெருக்களை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்

பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலைதான். 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் இந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். ஊருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரை வைத்தார். பிறகு நாலு தெருக்கள் போட்டு ஒரு செவ்வகம் ஆக்கினார்: வடக்கே லைட் ஸ்ட்ரீட், கிழக்கே அன்றைய கடலோரமாக பீச் ஸ்ட்ரீட், தெற்கே சூலியா ஸ்ட்ரீட், மேற்கே பிட் ஸ்ட்ரீட். பிட் ஸ்ட்ரீட்டின் இன்றைய பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். இந்தச் செவ்வகத்துக்குள்தான் பழைய ஊர்.

கூகுள் மேப்பில் இந்த நாலையும் ஒரு தடவை விரலால் சுற்றிப் பாருங்கள். வழிகாட்டி பேசும்போது "இப்போது நாம் எங்கே நிற்கிறோம்" என்ற குழப்பம் இருக்காது. தெருப் பலகைகளில் மலாய்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும், வாய்ப்பேச்சில் பழைய ஆங்கிலப் பெயர்கள் ஓடும். ஒரே தெரு இரண்டு பெயரில் வரும், பயப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: யாரோடு போவது

பொதுவாக மூன்று விதம். ஒன்று, குழுவாகக் கூட்டிப்போகிறவர்கள், கட்டணம் கட்டி ஒரு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். இரண்டு, நடந்து முடித்த பிறகு உங்களுக்குத் தோன்றியதைக் கொடுக்கச் சொல்கிறவர்கள். "இலவசம்" என்று போட்டிருப்பார்கள், ஆனால் கடைசியில் ஒன்றும் கொடுக்காமல் நழுவுவது அசிங்கம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஒருவரை அமர்த்துவது. பெரியவர்கள், குழந்தைகள் கூட இருந்தால் மூன்றாவதுதான் நல்லது. நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டால் அவ்வளவாகக் கடிக்காது.

டிரைஷா என்கிற மிதிக்கும் ரிக்‌ஷாவில் சுற்றுவதும் உண்டு. பினாங்கு டிரைஷாவில் நீங்கள் முன்னால் உட்காருவீர்கள், ஓட்டுகிறவர் பின்னால் மிதிப்பார், எனவே அவர் என்ன சொன்னாலும் பாதிதான் காதில் விழும். கால் வலிக்கிறவர்களுக்குச் சரி. கதை கேட்க வேண்டுமென்றால் நடைதான். ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.

அமர்த்துவதற்கு முன் கேட்க வேண்டியவை: சுற்றுலா உரிமம் இருக்கிறதா (மலேசியாவில் வழிகாட்டிகள் உரிம அட்டையை அணிந்திருக்க வேண்டும்), குழுவில் எத்தனை பேர், கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் கூ கொங்சி என்கிற சீனக் குலக் கோவிலுக்கும் நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா தனியா, வழியில் கடைக்குக் கூட்டிப்போவீர்களா. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். வெள்ளைக் காப்பித் தூளும் டுரியான் மிட்டாயும் விற்கிற கடையில் அரைமணி நேரம் போச்சென்றால் அந்த நேரம் உங்கள் நடையிலிருந்துதான் கழியும். அப்புறம், தமிழ் பேசுகிற வழிகாட்டி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் தானாக யாரும் தரமாட்டார்கள்.

மூன்றாம் படி: நேரமும் உடையும்

காலை எட்டரை ஒன்பதுக்குத் தொடங்குகிற நடையை எடுங்கள். பதினொன்றுக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், பிற்பகலில் மழை கொட்ட வாய்ப்பு அதிகம். வெள்ளிக்கிழமை வேண்டாம், நண்பகல் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். சீனப் புத்தாண்டு நாட்களில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கும். முழங்காலுக்குக் கீழே வருகிற உடை, எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, குடை, தண்ணீர். பள்ளிவாசலில் மேலங்கி தருவார்கள் என்றாலும் சொந்த உடையே ஒழுங்காக இருந்தால் வேலை மிச்சம்.

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து ஃபெர்ரி பிடித்தால் வெல்ட் கீயில் இறங்குவீர்கள், அங்கிருந்து கோட்டை நடக்கிற தூரம்தான். பழைய நகருக்குள் இலவசப் பேருந்தும் ஓடுகிறது.

நாலாம் படி: கோட்டையில் கதை கேட்பது

பெரும்பாலான நடைகள் கார்ன்வாலிஸ் கோட்டையில்தான் தொடங்கும். முதலில் நிபோங் பனைமரக் கட்டைகளை நட்டு வேலி மாதிரி போட்டிருந்தார்கள், பிறகுதான் செங்கல்லும் கருங்கல்லும் வந்தன. இதுவரை இந்தக் கோட்டை ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. காட்டை வெட்ட ஆள் கிடைக்காமல் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடி வெட்டிக்கொண்டே போனார்கள் என்ற கதையை எந்த வழிகாட்டியும் விடமாட்டார். ரசித்துக் கேளுங்கள், வரலாறு என்று எழுதிவைக்காதீர்கள்.

உள்ளே லைட்டின் சிலை இருக்கிறது. அவர் முகம் எப்படி இருந்தது என்று காட்டுகிற படம் எதுவும் இல்லாததால் மகன் வில்லியமின் முகத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த வில்லியம்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தை வடிவமைத்தவர். சிலையைவிட எனக்குப் பிடித்தது ஸ்ரீ ரம்பாய் பீரங்கி. 1603-ல் டச்சுக்காரர்கள் வார்த்தது, ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று கை மாறி மாறி இங்கே வந்து கிடக்கிறது. பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் அதன் வாயில் பூ வைத்துக் கும்பிடுவார்களாம். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆயுதத்தை இந்த ஊர்ப் பெண்கள் எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

வெளியே வந்தால் விக்டோரியா மணிக்கூண்டு. மகாராணியின் 60 ஆண்டு ஆட்சிக்கு 60 அடி, ஆண்டுக்கு ஓர் அடி. பணம் கொடுத்தவர் சியா சென் இயோக் என்ற சீன வணிகர். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் லேசாகச் சாய்ந்துவிட்டது என்பார்கள். நேர் எதிரே நின்றால் தெரியாது, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பக்கத்துக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: பிட் ஸ்ட்ரீட்டில் அவசரப்படுத்தினால் விடாதீர்கள்

நடையின் உயிர் இங்கேதான். வடக்கிலிருந்து தெற்கே ஒரே தெருவில் வரிசையாக மாதா கோவில், சீனக் கோவில், மாரியம்மன், பள்ளிவாசல். "நல்லிணக்கத் தெரு" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் நகர்த்துகிறவர்கள் உண்டு. நிறுத்துங்கள்.

செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-ல் கட்டியது. தூண்களும் வெள்ளைச் சுவருமாக கிரேக்கக் கோவில் போல் நிற்கும். கட்டியவர்கள் யார் என்று கேளுங்கள். இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்த கைதிகள். கம்பெனி தன் கைதிகளை 1790 வாக்கிலிருந்தே இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது, ரோடும் கட்டடமும் அவர்கள் உழைப்பு. வளாகத்தில் லைட்டுக்கு நினைவு மண்டபம் உண்டு. கைதிகளுக்கு இல்லை.

கொஞ்சம் கீழே வந்தால் சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோவில். ஊதுபத்திப் புகையில் கண் எரியும், பெரிய பெரிய ஊதுபத்தித் தூண்களே வாசலில் நிற்கும். அதைத் தாண்டி மகாமாரியம்மன் கோவில், 1833-ல் எழுந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: பிட் ஸ்ட்ரீட் பக்கம் தெரிவது கோவிலின் முதுகுதான். வாசலும் கோபுரமும் குயின் ஸ்ட்ரீட்டில் இருக்கின்றன, சுற்றிப் போக வேண்டும். வழிகாட்டி பின்பக்கத்தைக் காட்டிவிட்டு நடந்தால், "அண்ணே, முன்வாசலுக்குப் போகலாமா" என்று கேட்டால் போதும், கூட்டிப்போவார்.

அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த காதர் முகைதீன் மரைக்கான், இங்கே தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக, கப்பித்தானாக இருந்தவர். 1801-ல் பள்ளிவாசலுக்காகக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. நகரத்தின் நட்டநடுவில் 18 ஏக்கர்! கம்பெனிக்கு இந்த வணிகர்கள் எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த நில அளவே போதும். இன்று நாம் பார்க்கிற கறுத்த கும்மட்டங்களும் மொகலாயச் சாயலும் இருபதாம் நூற்றாண்டில் மாற்றிக் கட்டியவை.

அங்கிருந்து சூலியா ஸ்ட்ரீட்டில் திரும்பி கிங் ஸ்ட்ரீட் முனைக்கு வந்தால் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். கடல் தாண்டி வந்தவர்கள் அவர் நினைவாக இங்கேயும் ஒன்று கட்டிக்கொண்டார்கள். ரொம்பச் சின்னது. பல நடைகளில் இது சேராது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆறாம் படி: கடைவீடுகளைப் பார்ப்பது

முன்பக்கம் குறுகல், உள்ளே போனால் நீண்டுகொண்டே போகும், நடுவில் மழையும் வெளிச்சமும் இறங்குகிற முற்றம். கீழே கடை, மேலே வீடு. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதைதான் அஞ்சடி. மழை பெய்தாலும் அதிலேயே நடந்துவிடலாம் என்பது திட்டம், நடைமுறையில் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிளும் சரக்கும் நிற்கும், ரோட்டில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும்.

ஒரு பழைய தூணருகே நின்று சுவரை நன்றாகப் பாருங்கள். சாயம் செதில் செதிலாக உதிர்ந்து, நீலத்துக்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே செங்கல் என்று அடுக்கடுக்காகத் தெரியும். பழைய சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று சுவர் பொரிந்துபோகும். புதிதாக அடித்த பளபளப்பான வீட்டின் அடிச்சுவர் உப்பியிருக்கிறதா என்று பார்த்தீர்களானால் யார் ஒழுங்காகப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் வழிகாட்டியிடம் கேட்க ஒரு கேள்வி தருகிறேன்: "2000-க்கு முன்னால் இந்தக் கடையில் என்ன இருந்தது?" அதுவரை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, வாடகை மிகக் குறைவு, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். சட்டத்தை எடுத்ததும் வாடகை ஏறி நிறையக் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. நல்ல வழிகாட்டி என்றால் இந்தக் கேள்விக்கு மனப்பாடப் பேச்சை விட்டுவிட்டு, இது பாய் முடைகிறவர் கடை, அது கொல்லர் பட்டறை என்று கையைக் காட்ட ஆரம்பிப்பார். நடை அங்கிருந்துதான் சூடு பிடிக்கும்.

ஏழாம் படி: தெற்குப் பக்கம், நேரம் இருந்தால்

கூ கொங்சி, சீனக் குலத்தவரின் கோவிலும் கூடமும். முன்பு இருந்தது 1901-ல் எரிந்துபோய், இப்போதிருப்பது 1906-ல் முடிந்தது. எல்லோரும் அண்ணாந்து கூரை வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் முன்பக்கக் கல் வேலையில் தேடுங்கள், தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளிகளைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். அருகே ஆர்மேனியன் ஸ்ட்ரீட் 120-ஆம் எண் வீடு, 1910-ல் சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் கூட்டம் போட்ட இடம். ஓவியத்துக்கு நிற்கிற வரிசை இங்கே இருக்காது, நிம்மதியாகப் பார்க்கலாம்.

வெல்ட் கீயில் கடல்மேல் கம்பு நட்டுச் சீனக் குலத்தவர்கள் கட்டிய குலத் துறைகள் உண்டு, சியூ துறைதான் பெரியது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். சன்னலுக்குள் போனை நீட்டாதீர்கள்.

முடிந்ததும்

கட்டணம் பேசியிருந்தாலும் நன்றாகச் சொன்னவருக்குக் கொஞ்சம் மேலே கொடுங்கள், ரிங்கிட் சில்லறையாக வைத்துக்கொள்வது நல்லது. பசிக்கும். கேம்பல் ஸ்ட்ரீட்டில் 1907-லிருந்து நடக்கிற ஹமீதியாவில் நாசி கண்டார் (சோறும் பலவகைக் கறிகளும்) சாப்பிடலாம், சூலியா ஸ்ட்ரீட் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கும். விலைப்பட்டியலைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். தட்டில் சோறு போட்டதும் வேண்டிய கறியைக் கையால் காட்டுங்கள், தமிழிலேயே கேட்கலாம். குழம்பு சோறு முழுக்க ஓட வேண்டுமென்றால் "பஞ்சிர்" என்று சொல்லுங்கள், நாலு குழம்பையும் கலந்து ஊற்றிவிடுவார்கள். மீன்தலையையும் கணவாயையும் எடுப்பதற்கு முன் விலை கேட்டுக்கொள்ளுங்கள், பில்லை ஏற்றுவது அவை இரண்டும்தான்.