கல்லின் சொந்த ஊரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழடி அருங்காட்சியகத்தில் சூதுபவள (கார்னீலியன் என்ற சிவப்புக் கல்) மணிகளைப் பார்க்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, "இது எந்த ஊர்க் கல்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு அறிவியல் பதில் சொல்லும் முறைகள் பெரும்பாலும் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியில் வளர்ந்தவை. 1964இல் கேன், ரென்ஃப்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் மத்தியதரைக்கடல் பகுதி அப்சிடியனில் உள்ள பேரியம், சிர்கோனியம் ஆகிய தனிமங்களின் அளவுகளை வைத்து, எந்தத் துண்டு எந்த எரிமலையைச் சேர்ந்தது என்று பிரித்துக் காட்டினார்கள்.

மதுரைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறு, கறுப்பாகப் பளபளப்பதை எல்லாம் அப்சிடியன் என்று நினைத்துவிடுவது. யானைமலையும் அதைச் சுற்றியுள்ள பாறைகளும் பூமிக்கடியில் வெந்து உருமாறியவை, 50 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. எரிமலைக் கண்ணாடி அவ்வளவு காலம் கண்ணாடியாகவே இருக்காது. மெல்ல மெல்லப் படிகமாகிவிடும். ஆகவே உழுத நிலத்தில் கிடைக்கும் கறுப்புத் துண்டு உலைக் கசடாகவோ, கண்ணாடி வளையலாகவோ, வெறும் பாட்டில் சில்லாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். லென்ஸில் பார்த்து உருண்டைக் குமிழிகள் நிறையத் தெரிந்தால், மனிதர் உருக்கியதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

நிறத்தை வைத்து ஊர் சொல்வதும் ஆகாது. கிழக்குத் துருக்கியில் நெம்ருத் மலை, பிங்கோல் இரண்டிலும் பச்சைச் சாயல் அப்சிடியன் உண்டு. ரசாயனத்திலும் இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால் ஆய்வகங்களே திணறியிருக்கின்றன.

இப்போது கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி வந்துவிட்டது. எக்ஸ்ரே பாய்ச்சி, கல்லிலுள்ள ஒவ்வொரு தனிமமும் திருப்பி அனுப்பும் கதிரை வைத்து அதன் அளவைச் சொல்லும் கருவி இது. கல்லை உடைக்க வேண்டாம், சில நிமிடத்தில் எண்கள் திரையில் வந்துவிடும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். சிர்கோனியத்தின் கதிர் கல்லுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்திலிருந்துகூட வெளியே வரும். துண்டு 2 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இருந்தால் அந்த ஆழமே இல்லை, எண் தப்பாகிவிடும். பழங்காலத்து நுண்கருவிகளில் பல அப்படிப்பட்ட மெல்லிய சில்லுகள்தான். அவற்றுக்குத் தனி எண்ணைவிட, ரூபிடியத்துக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் உள்ள விகிதம் நம்பகமானது. இரண்டின் கதிர்களும் ஏறக்குறைய ஒரே ஆழத்திலிருந்து வருவதால் பிழையும் பெரிதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மேலே ஒட்டிய மண்ணையும், பதிவு எண் எழுதிய மையையும், பூசிய வார்னிஷையும் தவிர்த்துச் சுத்தமான, தட்டையான இடத்தில் கருவியை வையுங்கள். அப்புறம், ஆர்ஜிஎம்-1 மாதிரி அளவு தெரிந்த தரக்கல்லை அதே நாளில் அதே கருவியில் அளந்து பார்க்காமல் வந்த எண்களை வேறொருவர் பட்டியலோடு ஒப்பிடவே கூடாது.

எண்கள் சரியாக வந்தாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. உண்மையான எரிமலை, நீங்கள் ஒப்பிட வைத்திருக்கும் எரிமலைகளின் பட்டியலிலேயே இல்லாவிட்டாலும், மென்பொருள் இருப்பதில் நெருங்கியதைக் காட்டிவிடும். கிரேக்கத்தின் மெலோஸ் தீவிலேயே ஸ்டா நிக்கியா, டெமெனெகாகி என இரண்டு தனித்தனி இடங்கள். அங்கே ஒரே இடத்தில் மாதிரி எடுத்துவிட்டுத் தீவு முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது. கல் பிறந்த இடமும் மனிதர் பொறுக்கிய இடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆறு உருட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

சரி, சூதுபவளத்துக்கு வருவோம். என் பார்வையில் பெரிய தவறு, அப்சிடியனுக்கு ஒத்துவந்த முறையை இதற்கும் அப்படியே போடுவது. அப்சிடியன் ஒரே குழம்பு சட்டென்று குளிர்ந்து உறைந்தது, எங்கே தொட்டாலும் கலவை அநேகமாக ஒன்றுதான். சூதுபவளமோ பசால்ட் என்ற கருமையான எரிமலைப் பாறையின் பொந்துகளில் அடுக்கடுக்காகப் படிந்து வளர்ந்தது. ஒரே மணியின் இரு ஓரங்களில் இரும்பின் அளவு வேறுபடலாம். சிவப்பையும் பல சமயம் கைவினைஞரே நெருப்பில் பக்குவப்படுத்தி ஏற்றியிருப்பார். குஜராத்தின் ரத்தன்பூர் பேர்பெற்ற சுரங்கம்தான். ஆனால் தக்காணப் பசால்ட் பல மாநிலங்களில் பரந்து கிடக்கிறது, கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுக் கூழாங்கற்களிலும் இந்த வகைக் கல் உண்டு. சிவப்பாக இருக்கிறது என்பதற்காக குஜராத் என்று எழுதிவிட முடியாது.

இதற்கு ஏற்றது லேசரால் முடியளவுப் புள்ளிகளைச் சுரண்டி, அந்தத் தூளிலுள்ள தனிமங்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் முறை. மணிக்குச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மணியிலும் பல புள்ளிகள் எடுக்க வேண்டும், சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த மாதிரிகளிலும் அப்படியே. ஓர் அறிக்கை கைக்கு வந்தால் முடிவுரைக்கு முன்னால் அட்டவணையைத் திறந்து, மணிக்கு எத்தனை புள்ளி, எந்தெந்தச் சுரங்கத்து மாதிரி என்று பாருங்கள்.