தேய்க்கக் கொடுத்துக் கெடும் கேம் சீடிகள்: பழைய கேம் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பழைய கேம் சேர்ப்பவர்களுக்கு இறுவட்டுகள் பெரும்பாலும் மூன்று வழியில் வருகின்றன. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கமிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் சூட்கேசில் வருபவை சில. இணைய விளம்பரம் பார்த்துக் கொழும்பிலிருந்து எடுப்பிப்பவை சில. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு இங்கு வந்து, இன்றுவரை யாரோ வீட்டு அலுமாரியில் கிடப்பவை மிச்சம். எந்த வழியில் வந்தாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். விரல் படக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம்.

மினுங்கும் பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது

சீடியின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதில் ஏறத்தாழ முழுவதும் பொலிகாபனேற் என்ற தெளிந்த பிளாஸ்டிக். தரவைப் பதித்த நுண்குழிகள் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில், அதாவது படம் அச்சிட்ட பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன் மேல் சில மைக்கிரோமீற்றர் வார்னிஷ், அதற்கும் மேலேதான் அச்சு மை. கீழ்ப்பக்கக் கீறலுக்கும் தரவுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் நிற்கிறது. படப்பக்கத்தில் அந்தக் காவல் இல்லை. அங்கே நகத்தால் ஆழமாகக் கீறினால் அலுமினியமே உரிந்துவிடும். உரிந்த இடத்துத் தரவு போனது போனதுதான்.

ஆகவே வாங்கும்போது முதலில் படப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு இருட்டான இடத்தில் ஒரு நல்ல ரோச் லைட்டை அந்தப் பக்கத்துக்கு நெருக்கிப் பிடித்து, மறுபக்கத்தால் பாருங்கள். ஊசி குத்தியது போல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே அலுமினியம் இல்லை. ஒன்றிரண்டு சிறு புள்ளிகள் தொழிற்சாலையிலேயே வந்திருக்கக்கூடும், பயமில்லை. ஓரத்திலிருந்து உள்ளே பரவும் கூட்டமாக இருந்தால் அது அரிப்பு, வாங்க வேண்டாம். வட்டு முழுவதும் ஒரே சீராக மங்கலாக ஒளி கசிந்தால் அது பூச்சு மெல்லியது என்பது மட்டுமே.

பிளேஸ்டேஷன் 1 வட்டுகளில் இந்தச் சோதனை முழுதாகப் பலிக்காது. அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் 780 நனோமீற்றர் அகச்சிவப்பு லேசரை ஊடே போக விடும், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அவற்றில் படப்பக்கத்தைச் சாய்வு வெளிச்சத்தில் பார்த்து, மை உரிவும் குமிழும் தேடுவதே வழி. டிவிடி வேறு மாதிரி: 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டு ஒட்டப்பட்டு, தரவு நடுவே இருக்கிறது. படப்பக்கக் கீறலை அது தாங்கும், ஆனால் ஓரத்தில் ஒட்டு விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கீறல் எந்த இடத்தில் என்பதும் முக்கியம். சீடி உள்ளிருந்து வெளியே வாசிக்கப்படுகிறது. நடுவளையத்தருகே பழுது என்றால் கேம் தொடங்கவே தொடங்காது. சேகாவின் டிரீம்காஸ்ற் கொன்சோலுக்கான ஜிடி-ரொம் வட்டில் கேமின் தரவு பெரும்பாலும் வெளி ஓரத்தை ஒட்டியே அடுக்கப்பட்டிருக்கும், அதனால் அங்கே ஓரக் கீறலை அலட்சியம் செய்யக் கூடாது.

கீறலைக் கண்டதும் தேய்க்கக் கொடுப்பது

இந்தப் பொழுதுபோக்கில் அதிக நல்ல வட்டுகளை நாசமாக்கும் தவறு இதுதான். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் தேய்க்கப்பட்டவற்றில் பல பழுதே இல்லாதவை.

நடப்பது இப்படித்தான். கனடாவிலிருந்து மாமா ஒரு பிளேஸ்டேஷன் 1 கேம் கொண்டுவந்து தருகிறார். கொன்சோலில் போட்டால் பிளேஸ்டேஷன் சீடியைப் போடும்படி திரையில் கேட்கிறது. வட்டைத் திருப்பினால் நாலைந்து கீறல். உடனே பற்பசை, இல்லையென்றால் பித்தளை மினுக்கும் திரவம், இல்லையென்றால் ரவுணில் மெருகுச் சக்கரம் வைத்திருக்கும் கடை. திரும்பி வரும்போது வட்டு மங்கிப் போயிருக்கிறது, இன்னும் ஓடவில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கத்தை யாரும் பார்க்கவில்லை. எஸ்எல்யூஎஸ் அல்லது எஸ்சியூஎஸ் என்று தொடங்கினால் அது வட அமெரிக்க வட்டு. இங்கே புழங்கும் பால் (PAL, ஐரோப்பிய வலய) கொன்சோலுக்கு எஸ்எல்ஈஎஸ், எஸ்சிஈஎஸ் வேண்டும். வலயப் பூட்டைத் தாண்டும் சிப் போடாத கொன்சோல் வட அமெரிக்க வட்டை, அது புத்தம் புதியதாக இருந்தாலும், ஏற்காது. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருபவை பால் வட்டுகள், அவை நேரே ஓடும்.

வலயம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் அடுத்த சந்தேகம் கொன்சோலின் லேசர்மேல்தான் விழ வேண்டும். முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் 1இல் லேசர் நகரும் பிளாஸ்டிக் பாதை தேய்ந்துபோகும். பெரிய வடிவப் பிளேஸ்டேஷன் 2இல் (பிஎஸ் 2) சீடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர் டயோட் இருப்பதால், நீல அடிப்பக்கமுள்ள சீடி கேம்கள் மட்டும் நின்றுபோய் வெள்ளி டிவிடிகள் ஓடுவதுண்டு, மறுபக்கமும் நடப்பதுண்டு. அது வட்டின் குற்றமல்ல. வட்டைக் கணினியின் டிவிடி டிரைவில் போட்டு இம்க்பேர்ன் போன்ற மென்பொருளால் வட்டு முழுவதையும் ஒரு கோப்பாக நகலெடுத்துப் பாருங்கள். பிழையில்லாமல் முடிந்தால் வட்டு நலம். இன்னும் உறுதி வேண்டுமென்றால், கிடைத்த கோப்பின் செக்சமை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் சரிபார்ப்பு எண்), கேம் வட்டுகளின் சரியான எண்களைத் திரட்டும் ரீடம்ப் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிடலாம். ஜிடி-ரொம்மைச் சாதாரண டிரைவ் வாசிக்காது. அதற்கு இரண்டாவது டிரீம்காஸ்ற் ஒன்றில் போட்டுப் பார்ப்பதே வழி.

மெல்லிய கீறல்கள் ஏன் பொருட்டல்ல? சீடியின் அடிமுகத்தில் லேசர் கதிர் நுழையும்போது அது ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் அகலம். தரவுப் படையில்தான் அது ஒரு புள்ளியாகக் குவிகிறது. ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் தூசி, தெருவைப் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாதது போல, மயிரளவு கீறல்கள் கதிருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், தடத்தின் (குழிகள் வரிசையாக அமைந்த சுருள் பாதையின்) வழியே சுமார் 2.5 மில்லிமீற்றர் நீளம்வரை தொலைந்த தரவைப் பிழைதிருத்தக் குறியீடு மீட்டுவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் ஒவ்வொரு தடத்தையும் ஒரு கணம்தான் வெட்டுகிறது. தடத்தோடு சேர்ந்து வளைந்து போகும் கீறல்தான் ஆபத்து. வட்டமாகத் துடைப்பதும் வட்டமாகத் தேய்ப்பதும் அந்த ஆபத்தான வகையைத்தான் உண்டாக்குகின்றன.

சக்கரத்தில் கொடுத்தால் இன்னும் மோசம். உலர்ந்த சக்கரம் பிளாஸ்டிக்கைச் சூடாக்கும், ஓரிடத்தில் பள்ளமும் அடுத்த இடத்தில் மேடும் விடும். தடிப்பு மாறினால் குவியம் தவறும், மினுமினுப்பாக இருந்தாலும் லேசர் தடத்தைத் தவறவிடும். பித்தளைத் திரவத்தில் அமோனியா இருக்கலாம், அது பொலிகாபனேற்றுக்கு ஆகாது. நகப்பூச்சு நீக்கியின் அசிட்டோனும் பெயின்ற் தின்னரும் பிளாஸ்டிக்கை வெளிறவைத்து வெடிக்கச் செய்யும். தேய்த்த பிளாஸ்டிக் திரும்ப வராது என்பதை மறக்காதீர்கள்.

தேய்ப்பது நியாயமாகும் நிலை ஒன்று உண்டு. வலயம் சரி, வெளிச்சச் சோதனையும் சரி, இரண்டு கொன்சோலில் ஒரே இடத்தில் நிற்கிறது, அந்தக் கீறலில் நகம் தடக்குகிறது. அப்போது வாகன முன்விளக்குக்கு விற்கும் மென்மையான பிளாஸ்டிக் பொலிஷைப் பருத்தித் துணியில் சிறிது எடுத்து, அந்த இடத்தில் மட்டும், நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் தேயுங்கள். அந்த விளக்குகளும் பொலிகாபனேற்தான். அரத்தாள் வேண்டாம். சில நிமிடம் தேய்த்துக் கழுவி ஓட்டிப் பாருங்கள், ஓடினால் அத்தோடு நிறுத்துங்கள். கீறலின் அடையாளம் தெரிந்தாலும் பரவாயில்லை. கடைக்குக் கொடுப்பதானால் தண்ணீர் ஓடவிட்டுத் தேய்க்கும், இறுவட்டுக்கென்றே செய்த இயந்திரமா என்று கேட்டுக் கொடுங்கள். பிஎஸ் 3இன் புளூ-ரே வட்டில் தரவின் மேல் இருப்பது 0.1 மில்லிமீற்றர் படைதான், அதைத் தேய்க்கவே கூடாது.

ஒட்டுத்தாள்

ஒட்டாதீர்கள். பழையவர் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், அலுமினியமும் சேர்ந்து வரும்.

கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவிடுவது

கழுவுவது நல்லது. சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தூசியில் நுண்மணல் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் அந்த மணலே கீறும், அதனால் முதலில் ஓடும் தண்ணீரில் தூசியைப் போக்க வேண்டும். சிக்கல் கடைசிக் கட்டத்தில் வருகிறது. எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது, காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும், அதைத் தேய்த்தால் மறுபடி கீறல். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு விரல் நுனியால் கழுவி, வாகன பற்றரிக்கு விடும் வடித்த நீரால் அலசி (கடையில் அசிட் போத்தலோடு மாறாமல் பார்த்து வாங்குங்கள்), மைக்கிரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய்க் கறைக்கு ஐசோபுரோப்பைல் அற்ககோல் போதும்.

றெக்சின் அல்பத்தில் அடுக்குவது

இடம் மிச்சம் என்று பெட்டிகளை எறிந்துவிட்டு வட்டுகளை அல்பத்தில் திணிக்கிறார்கள். மலிவான பிவிசி உறையிலிருந்து அதை மென்மையாக்கச் சேர்த்த இரசாயனம் கசிந்து வட்டில் பிசுக்காகப் படியும். மாரியில் அது வட்டோடு ஒட்டிக்கொள்ளும், இழுக்கும்போது படப்பக்கம் கெடும். பழைய தடித்த சீடிப் பெட்டிகளில், குறிப்பாகச் சேகா சீடி, சற்றேர்ன் கொன்சோல்களின் கேம் பெட்டிகளில், உள்ளே வைத்த பஞ்சுத்துண்டும் இதே வேலையைச் செய்யும். கண்டதும் எடுத்து எறியுங்கள்.

ஆவணக் காப்பகங்கள் இறுவட்டுக்குக் கேட்பது 20 பாகை அளவு குளிரும் 50 சதவீதத்துக்குக் குறைந்த ஈரப்பதமும். வாடைக்காற்றும் மழையும் சேரும் மாதங்களில், அதிலும் குருநகர், பருத்தித்துறை போன்ற கடலோரத்தில், திறந்த அலுமாரியில் அது நடக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் கேம் பெட்டிகளை நிறுத்தி வைத்து, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் அவணில் சுமார் 120 பாகையில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். தகரம், அஸ்பெஸ்ரஸ் கூரை வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டு வேண்டாம், உட்சுவரை ஒட்டிய கீழ்த்தட்டே நல்லது. கையேடுகளுக்காகத் தரையிலிருந்தும் உயர்த்தி வையுங்கள், கரையான் வந்துவிடும்.

எக்ஸ்பொக்ஸ் 360ஐ ஓடும்போது அசைப்பது

வட்டமான ஆழக் கீறல் விழும். மீட்பது கடினம்.

கொப்பியை ஒறிஜினல் விலைக்கு வாங்குவது

அடிப்பக்கம் கறுப்பாக இருப்பது ஒறிஜினலுக்குச் சாட்சியல்ல, கறுப்பு வெற்றுச் சீடிகளும் விற்பனைக்கு வந்தன. நடுத்துளையைச் சுற்றிய கண்ணாடி வளையத்தைப் பாருங்கள். அச்சு வட்டில் அங்கே கேமின் இலக்கமும் பெரும்பாலும் ஐஎஃப்பிஐ (IFPI) என்ற எழுத்துகளும் பதிந்திருக்கும். எழுதப்பட்ட சீடியில் அடிப்பக்கத்தைச் சாய்த்தால், எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் இரு நிறமாகப் பிரிந்து தெரியும். அதில் தரவைத் தாங்குவது குழியல்ல, கரிமச் சாயம். வெளிச்சமும் சூடும் அதை மங்கச் செய்யும், இங்குள்ள வெக்கைக்கு அது அச்சு வட்டளவு நின்றுபிடிக்காது.

நடுத்துளையில் வெடிப்பு

டிவிடிப் பெட்டியில் ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுப்பதால் வருவது. நடுக்குமிழை அமத்தி, அது விட்ட பிறகே தூக்குங்கள். வெடித்த வட்டைக் கணினியின் வேகமான டிரைவில் போடாதீர்கள், சுழற்சியில் சிதறி டிரைவையும் கொண்டுபோகும். பிளேஸ்டேஷன் 1 இரட்டை வேகத்தில்தான் சுழற்றும், அதில் ஓடினாலும் வெடிப்பு ஒவ்வொரு முறையும் நீளும்.