18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எம்.பி. எந்தக் கோஷ்டி? கண்டுபிடிக்கும் வழி

மூன்றாம் ஜார்ஜ் 1760-இல் அரியணை ஏறினார். அதற்குப் பிந்தைய பிரிட்டிஷ் அரசியலைப் படிக்க வருபவர்கள் விக், டோரி என்ற இரண்டு கட்சிப் பெயர்களை வைத்துக்கொண்டு குழம்பிப் போகிறார்கள். அன்றைய காமன்ஸ் சபையின் (நாடாளுமன்றத்தின் கீழவை) 558 உறுப்பினர்களில் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் பெரும்பாலும் தங்களை விக் என்றே சொல்லிக்கொண்டன. ஆகவே கட்சியை விட்டுவிட்டுக் கோஷ்டியைத் தேடுங்கள். அக்கால எம்.பி.யான எட்மண்ட் பர்க்கை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: தொகுதி யார் தயவில் கிடைத்தது?

பர்க் 1765 டிசம்பரில் வெண்டோவரில் தேர்வானார். அது வெர்னி பிரபுவின் கைக்குள் இருந்த ஊர். ரகசிய வாக்கெடுப்பு இல்லாத காலம். பிரபு கைகாட்டியவரே ஜெயிப்பார். பணத்தாலும் தொகுதி பிடிக்கலாம். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்ஃபீல்ட், தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை உறுப்பினராக்கிவிட்டார் என்று 1785-இல் பர்க்கே சபையில் சாடினார். அது சரியென்றால், ஆற்காட்டு விவசாயியின் வரிப்பணம் இங்கிலாந்துத் தேர்தல்வரை போயிருக்கிறது!

படி 2: யாரோடு வந்தார், யாரோடு போனார்?

என்னைக் கேட்டால் இதுதான் உரைகல். 1765 ஜூலையில் ராக்கிங்ஹாம் பிரதமரானதும் பர்க் அவருடைய அந்தரங்கச் செயலாளர் ஆனார். ஓராண்டில் அந்த அரசு போனது. அடுத்து வந்த சாத்தம் பிரபுவின் (வில்லியம் பிட்) அரசில் பர்க் சேரவில்லை; ஆகவே அவர் ராக்கிங்ஹாம் கோஷ்டி. பெட்ஃபோர்ட் பிரபுவின் கோஷ்டி இதற்கு நேர்மாறு: பேரம் பேசி, மொத்தமாக அரசுக்குள் நுழைந்தது. அதில் ரிக்பிக்கு 1768-இல் கிடைத்தது படைச் சம்பளப் பொறுப்பு. காசு புழங்கும் பதவி.

படி 3: ஓட்டைப் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

அமெரிக்கக் குடியேற்றங்களில் பத்திரங்களுக்கும் அச்சுத் தாள்களுக்கும் வரி போட்ட முத்திரைச் சட்டத்தை நீக்கும் தீர்மானம் 1766-இல் 275-க்கு 167 என்று நிறைவேறியது. சட்டத்தைக் கொண்டுவந்த முன்னாள் பிரதமர் கிரென்வில் எதிர்த்தார். பின்னாளில் சாத்தம் பிரபுவான பிட் ஆதரித்தார், அதனால் அவர் ராக்கிங்ஹாம் ஆள் ஆகிவிடவில்லை. எந்தக் கோஷ்டியிலும் சேராத கிராமப்புற நிலக்கிழார்களும் சபையில் நிறைய இருந்தார்கள்.

படி 4: தலைவர் இறந்தபின் என்ன நடந்தது?

கிரென்வில் 1770 நவம்பரில் காலமானார். இரண்டே மாதத்தில் அவருடைய ஆளான வெடர்பர்ன், அப்போதைய பிரதமர் நார்த்தின் அரசில் பதவி ஏற்றார். ராக்கிங்ஹாம் 1782 ஜூலையில், மறுபடி பிரதமராகிச் சில மாதங்களில் இறந்தபோது, அடுத்துப் பிரதமரான ஷெல்பர்னின் கீழ் இருக்க மறுத்து, அதே கோஷ்டியின் ஃபாக்ஸும் பர்க்கும் பதவி விலகினார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, அதுவரை தாங்கள் திட்டித் தீர்த்த நார்த்தோடு கைகோத்தார்கள். ஆகவே யார் எந்தக் கோஷ்டி என்று 1782 வரை ஒரு அட்டவணை, அதன்பின் வேறொன்று போடுங்கள்.