இளையோர் துப்பறியும் கதையைப் பெரியவர்கள் வாசிக்கும்போது செய்யும் தவறுகள்

ஆண்டு 1860. ஊர் லண்டன். பெரிய வீடு ஒன்றில் கொலை நடக்கிறது. துப்பறியப் புறப்படுகிற வேலைக்காரச் சிறுமிக்கு வயது பதினான்கு. இப்படித் தொடங்கும் இளையோர் நாவலை ஆசையாக எடுத்துவிட்டு, ஐம்பதாம் பக்கத்தில் சலித்துப்போய் மூடி வைக்கும் பெரியவர்கள் பலர். "சின்னப்பிள்ளைக் கதை" என்று சொல்லிக்கொள்வார்கள். பல நேரங்களில் கோளாறு கதையில் இல்லை. மேலிருந்து குனிந்து பார்க்கும் வாசிப்பில்தான் இருக்கிறது.

"ஒரு சிறுமியால் இதெல்லாம் எப்படி முடியும்?" என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் மல்லுக்கட்டுவது இதில் பெரிய தவறு. அந்தக் காலத்துப் போலீசிடம் என்ன இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். லண்டன் பெருநகரக் காவல்துறை 1829இல் தோன்றியது. அதில் துப்பறிவதற்கென்று தனிப் பிரிவு வந்தது 1842இல்தான். அதுவும் எட்டே பேருடன். அந்தக் காவல்துறையின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901இல் அமைந்தது. (கல்கத்தாவில் 1897லேயே அமைந்துவிட்டது என்பதை இந்த வகை நாவல்கள் அதிகம் சொல்வதில்லை.) ஆக, 1860இல் இன்ஸ்பெக்டருக்கும் கண், காது, பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறக்கும் சாமர்த்தியம் இவைதாம் பெரும்பாலும் துணை. அவை அந்தச் சிறுமிக்கும் உண்டு.

அவளுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. தேநீர்த் தட்டோடு அறைக்குள் வரும் பெண்ணை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, பேச்சையும் நிறுத்துவதில்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் வீடே வாயை மூடிக்கொள்ளும். அதே 1860இல் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில் மூன்று வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், ஸ்காட்லாந்து யார்டின் துப்பறியும் அதிகாரி விச்சர், குழந்தையின் அக்காள் முறையான பதினாறு வயது கான்ஸ்டன்ஸ் கென்ட்டைக் கைது செய்தார். கௌரவமான குடும்பத்துப் பெண்ணின் மீதா கை வைப்பது என்று ஊரும் பத்திரிகைகளும் அவரைப் பிய்த்து எடுத்தன. அவள் விடுதலையானாள். 1865இல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தேர்ந்த போலீஸ்காரரையே திணறடித்த வீடுகள் அவை. அதற்குள் ஒரு சிறுமி நடமாட முடிகிறது என்பது இந்தக் கதைகளின் ஓட்டை அல்ல, அச்சாணி.

அடுத்தது, வர்ணனை வந்தால் தாண்டிப் போவது. சரித்திரக் கதையில் சாமான்களைப் பற்றிய வரிகள் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறோம். ஆர்செனிக் என்ற விஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொடி; மாவிலோ சர்க்கரையிலோ கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இங்கிலாந்தில் 1851இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். விற்கிறவர் பதிவேட்டில் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சில்லறையாக விற்கும் ஆர்செனிக்கில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்திருக்க வேண்டும். இனி, நாவலில் சமையற்காரி "இன்றைக்கு மாவு என்னமோ நீலம் பூத்தாற்போல இருக்கிறது" என்று முணுமுணுப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரமாகப் படிக்கிறவருக்கு அது சமையலறைச் சலசலப்பு. நிதானமாகப் படிக்கிறவர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார். மருந்துக்கடைப் பதிவேட்டைத் துப்பறியும் சிறுமி எப்போது புரட்டப்போகிறாள் என்று காத்திருப்பார்.

கொலையாளியை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டு ஆர்வம் இழப்பதும் உண்டு. இளையோர் நாவலில் சந்தேக நபர்கள் பெரும்பாலும் குறைவு. பழகிய வாசகருக்கு ஆள் பிடிபடுவது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தச் சிறுமி அதை யாரிடம் சொல்வாள்? சொன்னால் நம்புவார்களா? வேலைக்காரச் சிறுமியின் சொல்லுக்கும் எஜமானரின் சொல்லுக்கும் ஒரே எடை கிடைக்குமா? விறுவிறுப்பு அங்கேதான் இருக்கிறது. ஆள் தெரிந்த பிறகு சில நாவல்கள் இன்னும் சூடு பிடிக்கின்றன.

பிள்ளைகளுக்கான கதைதானே என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடுவதையும் தவறு என்றே சொல்வேன். 1860இல் நடக்கும் கதையில் கைரேகையை வைத்துக் குற்றவாளியைப் பிடித்தால் தாராளமாக முகம் சுளிக்கலாம். எந்தத் தடையும் இல்லாமல் நாயகி நினைத்த இடத்துக்கெல்லாம் போய்வந்தால், அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே அர்த்தமில்லை. இளம் வாசகர்கள் இதில் பெரியவர்களைவிடக் கறார்.

கடைசியாக, படிக்கும்போது கைபேசியை எட்ட வைத்துவிடுங்கள். கதையில் வரும் நிஜ மனிதரின் பெயரைத் தேடினால், அவர் எப்போது எப்படி இறந்தார் என்பது முதல் வரியிலேயே வந்து விழும். நூலின் முடிவில் ஆசிரியர் குறிப்பு இருந்தால் அதையும் முன்னதாகப் புரட்ட வேண்டாம். எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லும்போது முடிச்சையும் சேர்த்தே அவிழ்த்துவிடும் குறிப்புகள் உண்டு.