சோயா பழுக்காமல் பச்சையாக நிற்கிறதா? காயை உரித்துப் பாருங்கள்

தம்பலகாமம் பக்கம் சிறுபோகத்துக்கு மேட்டுக்காணியில் சோயா போட்டவர்களுக்காக எழுதுகிறேன். பக்கத்துக் காணியில் இலை பழுத்துக் கொட்ட, உங்கள் செடி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றால் பசளை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன், பிறகு உரித்துப் பார்த்தால் விதை சூம்பி, குத்திய இடம் கறுத்துக் கிடந்தது. நாவாய்ப்பூச்சி விதையின் சாற்றை உறிஞ்சிவிட்டால் செடியின் சத்துப் போய்ச் சேர இடமில்லை, அதனால்தான் இலை பழுப்பதில்லை.

ஆனால் அந்த நேரம் பார்த்துப் பயனில்லை. காய் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து விதை முற்றும்வரைதான் கவனம் வேண்டும். விடியக்காலையில் போங்கள், நாவாய்ப்பூச்சி வெயில் காயச் செடியின் உச்சிக்கு வந்திருக்கும். பச்சை நிறம், கேடய வடிவம், நசுக்கினால் நெல் பால்பிடிக்கும்போது வருகிற மூட்டுப்பூச்சியைப் போலவே நாறும். குஞ்சுகள் கறுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருப்பதால் வேறு ஏதோ பூச்சி என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

பழைய வெள்ளைச் சாரம் ஒன்றை இரண்டு வரிசைக்கு நடுவில் விரித்து, செடியைச் சாய்த்து உலுக்கி, விழுவதை எண்ணுங்கள். அமெரிக்காவில் வரிசையின் ஓர் அடிக்கு ஒரு பூச்சி என்றால் மருந்து அடிக்கலாம் என்பது பொதுவான கணக்கு, விதைக்கு வைக்கிற சோயா என்றால் அதற்கும் முன்னமே. முதலில் வரம்போரம் பாருங்கள், புல்லிலிருந்தும் அறுவடை முடிந்த கௌப்பி, பயற்றிலிருந்தும் அங்கேதான் முதலில் இறங்கும்.

கொஞ்சமாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிட்டாலே போதும். இலைக்கு அடியில் பீப்பாய் மாதிரி முட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், வெளிர் மஞ்சளாக இருந்தால் இலையோடு பிய்த்து நசுக்குங்கள். கறுத்திருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்! உள்ளே சின்னக் குளவி வளர்கிறது, அது வெளியே வந்து மற்ற முட்டைகளையும் அழிக்கும். கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

அடித்தே ஆகவேண்டும் என்றால் நாலைந்து பூச்சியைப் போத்தலில் போட்டுக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய், விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, மருந்தும் அளவும் கேளுங்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்க மறக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும்போது அடித்தால் மருந்து உங்கள் முகத்துக்குத்தான் வரும், காற்று விழுந்த நேரம் பார்த்து அடியுங்கள். காய் மஞ்சளாகிவிட்டதா, விட்டுவிடுங்கள், இனி அடிப்பது வீண் செலவு.