வேலூர் வெயிலில் பூண்டும் கேரட்டும்: மேட்டுப்பாத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பூண்டுக்குப் பொருந்தாது. பல் பிரிந்து திரளக் குளிர் வேண்டும். வேலூர்ச் சமவெளியில் இரவு நன்றாகக் குளிர்வது மார்கழியிலும் தையிலும்தான். மாசி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே ஐப்பசிக் கடைசியில், மழை சற்று விட்ட நாளாகப் பார்த்து ஊன்றிவிடுங்கள். மார்கழி வரை தள்ளிப்போட்டால் தாள் செழித்து நிற்கும், பிடுங்கினால் பல் பிரியாத ஒற்றைக் குமிழ்தான் கிடைக்கும்.

விதைப்பூண்டுத் தேர்விலும் பலர் ஏமாறுகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு மணமும் காரமும் மிக்கது, ஆனால் அது மலைக்குப் பழகியது. சமவெளியில் விளைந்த பூண்டையே வாங்குங்கள். ஊன்றுவதற்கு முன் நான்கைந்து வாரம் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் நம் ஊரில் கிடைக்காத குளிரை ஓரளவு ஈடுசெய்யலாம். பெரிய பற்களை மட்டும் எடுத்து, தோலை உரிக்காமல், கூர்முனை மேலே இருக்கும்படி ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றவும்.

கேரட்டும் முள்ளங்கியும் இரண்டு கால் மூன்று கால் விட்டு வளர்வதற்கு விதையைக் குறை சொல்வது வழக்கம். குற்றம் மண்ணில் இருக்கிறது. வேர் இறங்கும் வழியில் ஒரு சரளைக்கல் இருந்தாலும், மக்காத சாணக்கட்டி இருந்தாலும் நுனி பிளந்துவிடும். செம்மண்ணைச் சலித்து, நன்கு மக்கிய தொழுஉரமும் மணலும் கலந்து, குறைந்தது ஒரு அடி ஆழத்துக்கு நிரப்புங்கள். உரம் கூடினால் இலைதான் பெருக்கும். இவற்றை நாற்று விட்டுப் பிடுங்கி நடக்கூடாது, நேரடியாகவே விதைக்க வேண்டும். கேரட் முளைக்க பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை ஈரச்சாக்கு மூடி, முதல் முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் முள்ளங்கி வேண்டுமானால் 'பூசா சேத்கி' போன்ற சூடு தாங்கும் ரகத்தையே விதையுங்கள்.

நம் பக்கத்தில் யாரும் போதிய அளவு பேசாத தவறு, தண்ணீர். பல தெருக்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. பாத்தி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதை விரலால் சுரண்டிப் பாருங்கள், மாவு போல உதிரும். கேரட், முள்ளங்கி, பூண்டு மூன்றுமே உப்புக்கு வாடும். பீட்ரூட் ஓரளவு தாங்கும். இதில் கழுவாத தென்னைநார்க் கழிவையும் கொட்டினால் உப்பின் மேல் உப்பு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சேருங்கள். மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் இந்த மூன்று பயிருக்கும் முதலில் அதையே கொடுங்கள்.

பாத்தியைச் சுற்றிக் கட்டிய ஹாலோ பிளாக் சுவர் பகலெல்லாம் சூட்டை உறிஞ்சும், ஓரத்து மண் சீக்கிரம் காயும். வைக்கோல் மூடாக்கு அவசியம். மழைக்காலத்தில் அதே பாத்தியின் அடியில் நீர் தேங்கினால் பூண்டு அழுகும் என்பதால் வடிகால் துளைகளை மறக்காதீர்கள்.

பூண்டின் அடித்தாள் மஞ்சளானதும் பாசனத்தை நிறுத்தி, பத்து நாள் கழித்துத் தோண்டுங்கள். தாளைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறியும். தோண்டியதைக் கழுவாமல், தாளோடு நிழலில் காற்றாடப் பரப்பிக் காயவிடுங்கள்.